கண்காணிப்பவர்களை யார் கண்காணிப்பது?

ஒஸ்லோவில் துப்புரவு வேலை செய்யும் எங்கட ஆக்கள் பலரிடம் ஒரு பயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சொன்னார்: "சங்கத்தில சேர்ந்தா முதலாளி மணித்தியாலத்தைக் குறைச்சுப்போடுவான். அர்பைட்ஸ்தில்சீனுக்கு எழுதலாம்தான். ஆனா அவையள் பேசாம இருந்தா, அவையளை ஆர் கேக்கிறது?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

முதலில் சங்கம். நோர்வேயின் தொழிற்சூழல் சட்டம் 13ஆம் அத்தியாயத்தில், சங்க உறுப்பினர் என்பதற்காக ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. வேலைக்கு எடுக்கும்போது "நீர் சங்கத்தில் இருக்கிறீரா?" என்று கேட்கவும் கூடாது. மீறினால் சங்கத்தின் துணையோடு நீதிமன்றம் போகலாம்.

அடுத்தது சம்பளம். தொழிற்சங்கம் பேசி வாங்கிய ஆகக்குறைந்த சம்பளம், 2011 முதல் துப்புரவுத் துறையில் சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் பொருந்தும். அதைக் கண்காணிப்பது அர்பைட்ஸ்தில்சீன், அதாவது அரசின் தொழில் கண்காணிப்பு அமைப்பு. அங்கே முறையிட்டவரின் பெயரை அவர்கள் வெளியே விடக்கூடாது என்பதும் சட்டம். ஆனால் உங்களுக்கு வரவேண்டிய பழைய பாக்கியை அவர்கள் வாங்கித் தரமாட்டார்கள். அதற்குச் சங்கம்தான் கைகொடுக்கும். 2022 முதல் சம்பளத் திருட்டு தண்டனைச் சட்டத்திலும் குற்றம்.

சரி, அர்பைட்ஸ்தில்சீனை யார் கேட்பது? அது தொழில் அமைச்சின் கீழ் இயங்குகிறது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டும். நாடாளுமன்றத்தின் சார்பில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் இந்த வேலைகளைச் சோதிக்கிறது. தொழிலாளர் சுரண்டலுக்கு எதிராக அரச அமைப்புகள் என்ன செய்தன என்று ஆராய்ந்து, 2016இல் அது நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது.

தனி ஆளுக்கும் ஒரு வாசல் உண்டு. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி. அரச அலுவலகம் கடிதத்துக்குப் பதில் தராமல் இழுத்தால், அநீதியாக நடந்தால், அங்கே காசு கட்டாமல் முறையிடலாம். முதலில் அந்த அலுவலகத்திலேயே கேட்டுப் பார்த்திருக்கவேண்டும். ஒரு வருடத்துக்குள் முறையிடவேண்டும். அவருடைய கருத்து தீர்ப்பு அல்ல. ஆனாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் அதன்படியே நடக்கின்றன.

ஊரில் தொழில் கந்தோருக்குப் போய் வாசலில் காத்துநின்று சலித்தவர்கள் நாங்கள். அந்தச் சலிப்பை இங்கேயும் கொண்டுவந்து, "சொல்லி என்ன பிரயோசனம்" என்று இருந்தால் நட்டம் எங்களுக்குத்தான். வேலை ஒப்பந்தம், சம்பளத்துண்டு, செய்த மணித்தியாலக் கணக்கு மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.