ஆசானும் அடிபட்டோனும்

நாஞ்சில் நாட்டிலே சிலம்பமும் அடிமுறையும் பயிற்றுவோரை ஆசான் என்பது வழக்கு. ஆசான்மார் பலர் வர்ம வைத்தியரும் ஆவர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை அவர்கள் மாணாக்கனுக்குக் காட்டுவது அடித்தற்கு மாத்திரமன்று. அடிபட்டோனை அடங்கல் முறையால் தெளிவித்தற்கும், பிசகிய மூட்டினைத் தைலமிட்டுத் தடவிக் கட்டுதற்குமாம். அடிக்கக் கற்பிப்பவர் ஆற்றவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அம்மரபின் உட்கருத்து.

1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அத்தகைய கழகங்களிற் பயின்று கல்லூரி மைதானங்களுக்கு வரும் தேகப்பயிற்சி ஆசிரியர்க்கும் ஆசானுடைய அவ்விரு கடமைகளும் உரியனவே.

கணுக்கால் சுளுக்கினை உதாரணமாகக் கொள்வோம். நான்கடி நடக்க இயலாதாயின் எலும்பு முறிவை ஐயுற்று, தடவாமல், எக்ஸ்ரே எடுக்க அனுப்புதல் வேண்டும். முறிவில்லையேல் துணியிற் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, கட்டிட்டு, காலை உயர்த்தி வைத்தல் நலம். முதலிரு நாள் சூட்டு ஒத்தடமும் அழுத்தித் தடவுதலும் ஆகா, வீக்கம் மிகும். நோவு தணிந்தபின் மூட்டை மெல்ல அசைத்து, ஒற்றைக்காலில் நிற்கப் பழகுதல் வேண்டும். ஏனெனில், மூட்டினைப் பிணிக்கும் நார் சிதைகையில் அம்மூட்டின் நிலையுணர்ச்சியும் மழுங்குகின்றது. அதனை மீட்காது ஓடுவோனுக்கு அதே கால் மீண்டும் பிசகுதல் எளிது.

தலையில் அடிபட்டு மயங்கியவனோ, தெளிந்தபோதிலும் அன்று ஆடலாகாது. மருத்துவரை நாடுதல் வேண்டும்.

போட்டி நாளில் நோவை மறைத்துக் களம்புகுதலை வீரமென்று நம்முள் சிலர் கருதுகின்றனர். ஒருநாள் வெற்றிக்காக வாழ்நாளெல்லாம் நொண்டுதல் வீரமாகுமோ? ஆசிரியர் இன்று ஆடவேண்டா என்பாராயின், அதற்குக் கீழ்ப்படிதலே நம் ஆட்டத்தை நெடுநாள் காக்கும்.