புதிய கணினியில் திறக்க மறுக்கும் பழைய தமிழ் ஆவணங்கள்

கணினியின் இயங்குதளம் மாறும்போது பழைய மென்பொருட்கள் செயலிழப்பது பலரும் அறிந்ததே. ஆனால் புலம்பெயர்ந்த தமிழர்களைப் பொறுத்தவரை, மென்பொருட்களுடன் சேர்ந்து அவர்களது ஆவணங்களும் வாசிக்க முடியாதவையாகிவிடும் அபாயம் உள்ளது.

லண்டனின் தென்மேற்கே மோர்டன் அமைந்துள்ள மெர்ட்டன் நிர்வாகப் பகுதியில், 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய இத்தகைய சமூகங்களில், 1990களிலும் அதன் பின்னரும் நினைவு மலர்களும் சங்கக் குறிப்புகளும் பாடத்தாள்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில் பரவலாகத் தட்டச்சு செய்யப்பட்டன.

ஆங்கிலக் குறியீட்டில் தமிழ்

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஒரு அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படுகிறது. திரையில் தெரியும் தமிழ் வடிவம் எழுத்துருவினால் மட்டுமே கிடைப்பது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும்.

யூனிகோட் முறையில் தமிழுக்கெனத் தனிக் குறியீடுகள் உண்டு. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது.

16 பிட் செயலிகளின் முடிவு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழைய மென்பொருட்களுக்கு நீண்ட காலம் இடமளித்து வந்துள்ளது. 1990களின் 32 பிட் செயலிகள் பல இன்றும் இயங்குகின்றன. ஆனால் டாஸ், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் செயலிகளை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை.

2021இல் வெளியான விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. செயலி 32 பிட் ஆக இருந்தாலும், அதனை நிறுவும் நிரல் 16 பிட் என்பதால் நிறுவ முடியாமல் போவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனமோ 2019இல் வெளியிட்ட கேட்டலினா பதிப்பில் 32 பிட் செயலிகளையும் கைவிட்டது.

மாற்று வழிகள்

டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருட்கள் புதிய கணினிக்குள் பழைய கணினியின் சூழலை உருவாக்கித் தருகின்றன. எனினும் நிலையான தீர்வு, ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றுவதே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், முந்தைய குறியீட்டு முறைகளில் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பின்னர் யூனிகோடிலும் வழங்கியது.

இந்த மாற்றத்தில் கவனம் தேவை. 'கொ' என்ற எழுத்தைப் பாமினி கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் சேமிக்கிறது. யூனிகோடில் ககரமே முதலில் வரும். மேலும், இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழெனக் கருதி மாற்றிச் செயலிகள் சிதைத்துவிடக்கூடும். ஆகவே மாற்றிய பிரதியை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும், மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே பாதுகாப்பதும் அவசியம்.

சாதாரண உரைக் கோப்புகளில் எழுத்துருவின் பெயர்கூடப் பதிவாவதில்லை. எது பயன்படுத்தப்பட்டது என்பதைத் தட்டச்சு செய்தவர்களே அறிவார்கள். அவர்களிடம் கேட்டறிய வாய்ப்புள்ள காலத்திலேயே இப்பணியைத் தொடங்குவது நல்லது.