மயக்கத்தில் இருப்பவருக்கு வலி அடங்கிவிட்டதா என்று கண்டறிவது ஏன் இவ்வளவு கடினம்?

புற்றுநோய் முற்றிய சிலருக்குக் கடைசி நாட்களில் மூச்சுத்திணறலும் மனக்குழப்பமும் எந்த மருந்துக்கும் அடங்குவதில்லை. அப்போது மிடாசோலம் போன்ற மருந்தை அளவு பார்த்துச் செலுத்தி, உணர்வை மங்கச் செய்கிறார்கள். துன்பத்தைத் தணிப்பதே இதன் நோக்கம். உயிரைப் போக்குவது அல்ல.

துன்பம் உண்மையிலேயே தணிந்ததா? வலிக்கு முதல் சாட்சி நோயாளியின் வாய்ச்சொல். அந்தச் சொல்லைத்தான் மருந்து அடக்கிவிடுகிறது.

தூங்கும் கைக்குழந்தை முகம் சுளித்தால், பசியா வயிற்றுவலியா கனவா என்று தாயால் ஊகிக்கத்தான் முடியும். செவிலியரின் நிலையும் அதுவே. நெற்றிச் சுருக்கம், முனகல், மூச்சின் வேகம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். ஆனால் அசைவு நின்றதாலேயே வேதனையும் நின்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

வழக்கமான மருந்துச் சோதனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து தருவார்கள். இங்கே அது நடக்குமா? துடிப்பவருக்கு மருந்தை மறுப்பது கொடுமை. ஒப்புதல் தரவும் அவருக்குத் தெளிவு வேண்டுமே!

போதாததற்கு, எதை ‘ஆழ்ந்த மயக்கம்’ என்பது என்பதே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 14 ஆய்வுகளை அலசியது. அவற்றில் ஒன்றுகூடக் குலுக்கல் முறைச் சோதனை அல்ல. இருந்தும், குடும்பங்களை வாட்டும் ஓர் அச்சத்துக்கு அதில் பதில் உண்டு: வாழ்நாளை அளந்த 13 ஆய்வுகளில் எதிலும், மயக்க மருந்து மரணத்தை விரைவுபடுத்தியதற்கான சான்று கிடைக்கவில்லை.