அடைத்த அறைக்குள் அனல் வேண்டாம்



2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்திற்குச் சுற்றுலா சென்றவர்களுள் எட்டுப் பேர், தாமன் என்னும் மலையூரில் ஒரே அறையில் தங்கினர். கடுங்குளிரின் நிமித்தம் கதவையும் சன்னல்களையும் தாழிட்டு, கேஸ் ஹீட்டரை ஏற்றிவைத்து உறங்கினர். காலையில் ஒருவரும் எழவில்லை. ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுசென்றும் பயனில்லை. மரித்தவர்களில் நால்வர் சிறுபிள்ளைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலிலும் கரியடுப்பின் புகை இளைஞர் இருவரின் உயிரைப் பறித்தது.

வடகரப்பதியின் வெயிலில் வளர்ந்த நமக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பிழைப்புக்காக மூணாற்றின் குளிருக்கும் பெங்களூரின் ஒற்றையறை வீடுகளுக்கும் சென்றிருப்பவர்கள் நம் பிள்ளைகளே.

கரி, விறகு, எரிவாயு, டீசல் எதுவாயினும், போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதுவோ ஓசையின்றி வரும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்வதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயுவின்றித் தவிக்கிறது. உறங்குகிறவர் உறக்கத்திலேயே மயங்கிவிடுகிறார்.

புகை அடங்கிய கனலால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. அருகில் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதும் இவ்வாயுவைத் தடுக்காது. சன்னலைச் சற்றுத் திறந்துவைத்தோம் என்ற தைரியத்தில் கரிச்சட்டியை உறங்கும் அறைக்குள் கொண்டுவராதிருங்கள். குளிருக்குக் கம்பளியே போதும். சன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வேண்டாம். அதைக் காற்றோட்டமான வெளியிடத்தில் பொருத்தி, ஆண்டுதோறும் பழுது பாருங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலருகிலோ இயக்காதிருங்கள். இவ்வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியும் கடைகளில் கிடைக்கிறது.

காய்ச்சலின்றித் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வீட்டார் பலருக்கு ஒருங்கே வந்து, வெளியே சென்றதும் தணிந்தால் அசட்டை செய்யாதிருங்கள். உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108க்கு அழையுங்கள். தெளிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே ஆக்சிஜனே முதல் சிகிச்சை.

இவ்வாரம் நகரத்திலுள்ள உங்கள் பிள்ளைகளிடம் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நில்லாமல், கீசர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.