அட்டை ஒருவருடையது, அறை இன்னொருவருக்கு

கையிற் காசிருந்தும் தலைசாய்க்க இடமின்றி இரவில் நிற்க நேர்வது வறியவர்க்கு மட்டும் உரிய இடரன்று. ஐரோப்பிய நகரங்களின் விடுதிகளில் எம்மவர் பலர் இதனை அனுபவித்துள்ளனர். அறை முற்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும்; பதிவிலக்கம் எழுதிய தாளும் கையில் இருக்கும்; வரவேற்பு மேடையில் நிற்கும் பணியாளரும் கணினியைப் பார்த்து, "ஆம், உங்கள் பெயரில் அறை உண்டு" என்பார். அடுத்த கணமே, "பதிவு செய்த கடனட்டையைத் தாருங்கள்" என்று கை நீட்டுவார். அந்த அட்டையோ கடலுக்கு அப்பால், லண்டனில் வேலைக்குச் சென்றுள்ள மருமகனின் பையில் இருக்கும்.

புலம்பெயர்ந்த எமது வாழ்வில் இத்தகைய பதிவுகள் மிகுதி. ஒரு குடும்பத்தில் அந்நிய மொழியைத் தடையின்றிப் பேசக்கூடியவர், கணினியைக் கையாளக்கூடியவர், கடனட்டை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, மரணச் சடங்கு, கோவில் தேர் என எதுவாயினும் உறவினர் அனைவருக்கும் இடம் பிடிக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே விழும். குறுகிய கால வதிவிட அனுமதியுடன் வாழ்பவருக்கும் நிலையான வருமானத்தைக் காட்ட முடியாதவருக்கும் வங்கிகள் கடனட்டை வழங்கத் தயங்குவதால் இவ்வழக்கம் மேலும் வேரூன்றிவிட்டது. ஒருவர் பொறுப்பு நின்றால் ஊரே உறங்கலாம் என்பது எமது மரபு. விடுதியின் மரபு வேறு. அது யாதெனச் சற்று விரிவாக நோக்குவோம்.

பணத்திற்குப் பதிலாக அட்டையை நீட்டும் பழக்கம் 1950 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டையுடன் பரவத் தொடங்கியது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையும் இன்றைய விசாவின் மூதாதையான பாங்க் ஒஃப் அமெரிக்காவின் அட்டையும் 1958 இல் வந்தன. பிரித்தானியாவில் பார்க்ளேகார்ட் 1966 இல் அறிமுகமாயிற்று. விடுதி நடத்துவோர் இதனை விரைவில் வரவேற்றமைக்குக் காரணம் உண்டு. கடைக்காரர் பொருளைக் கொடுத்த கையோடு பணத்தைப் பெறுகிறார். விடுதிக்காரரோ முன்பின் அறியாத ஒருவருக்குக் கட்டிலும் குளியலறையும் தொலைபேசியும் கொடுத்துவிட்டு, அவர் புறப்படும் வேளையிலேயே கணக்கு முடிக்கிறார். இடையில் கண்ணாடி உடையலாம். குளிர்பெட்டியிலுள்ள பானங்கள் தீரலாம். விருந்தினர் பின்கதவால் மறையலாம். ஆகவே, அவருக்கு அட்டை என்பது பணமன்று, பிணை.

முன்னர் அட்டையை ஓர் அச்சுப்பொறியில் வைத்துக் கரித்தாளில் அழுத்தி, தொகை எழுதப்படாத சீட்டில் ஒப்பம் பெற்று வைப்பர். இன்று அதே வேலையை மின்வழியே செய்கின்றனர். அறை வாடகையும் அதற்கு மேல் ஒரு தொகையும் வங்கியிடம் கேட்டு ஒதுக்கி வைக்கப்படுகின்றன. பணம் எடுக்கப்படுவதில்லை, ஆயினும் அதனை வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. கடனட்டையாயின் கடன் எல்லை மட்டுமே சுருங்கும். எம்மவர் பலர் வைத்திருப்பது, வங்கிக் கணக்கில் உள்ள சொந்தப் பணத்தையே எடுக்கும் டெபிற் அட்டை. அதில் ஒதுக்கிய பணம், விடுதியை விட்டு நீங்கிய பின்னரும் சில நாட்கள் திரும்பாமற் கிடக்கலாம். மாத இறுதியில் வீட்டு வாடகை கட்ட இருப்பவர் இதனை மறக்கலாகாது.

இனி, அட்டைக்கு உரியவரே நேரில் வரவேண்டும் என்று விடுதி ஏன் பிடிவாதம் செய்கிறது? அட்டையைப் பொறியிற் செருகி இரகசிய இலக்கத்தை அழுத்திப் பெற்ற பணத்தை, 'நான் கொடுக்கவில்லை' என்று எவரும் எளிதில் மறுக்க முடியாது. பிரான்ஸில் 1992 அளவிலேயே வங்கியட்டைகள் யாவும் சில்லு பொருத்தியவையாகிவிட்டன. பிரித்தானியாவில் 2006 பெப்ரவரி 14 முதல் கையொப்பத்தின் இடத்தை இரகசிய இலக்கம் பிடித்துக்கொண்டது. தொலைபேசியிற் சொன்ன இலக்கத்தையோ கணினியிற் பதிந்த இலக்கத்தையோ வைத்துப் பெற்ற பணம் அவ்வாறன்று. அட்டைக்குரியவர் பின்னர் தம் வங்கியிடம் முறையிட்டால், அப்பணம் விடுதியின் கணக்கிலிருந்தே பெரும்பாலும் மீளப் பறிக்கப்படும். விருந்தினர் உண்டு உறங்கிப் போயிருப்பார், நட்டம் விடுதிக்கு. எனவே, அந்தப் பணியாளர் எமது நிறத்தைப் பார்த்துக் கேட்கிறார் என்று உடனே முடிவு கட்டுவது பொருந்தாது. அவ்வாறு பார்ப்பவர்களும் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், விதி யாவர்க்கும் பொதுவானது.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திற்கு நேர்ந்ததை இவ்விடத்திற் கூறுதல் தகும். ஜேர்மனியிலிருந்து பாரிஸுக்கு ஒரு திருமணத்திற்காகச் சென்ற முதிய தம்பதியினருக்கு, லண்டனிலுள்ள மருமகன் தமது அட்டையைக் கொடுத்து அறை பதிந்திருந்தார். பணம் முன்கூட்டிச் செலுத்தப்படவில்லை. அட்டை உத்தரவாதத்திற்கு மட்டுமே. இரவு பத்து மணிக்கு விடுதியை அடைந்தவர்களிடம் பணியாளர் அட்டையைக் கேட்டார். மாமா காசை எடுத்து மேடையில் வைத்தார். பிணைக்குக் காசு ஏற்பதில்லை என்றார் பணியாளர். செய்தி அறிந்த மருமகன் அட்டையின் இருபுறத்தையும் படம் பிடித்துக் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். பணியாளர் அதனைப் பார்க்கவும் மறுத்தார். இறுதியில், இருவரும் லா கூர்நேவில் உள்ள ஓர் உறவினரின் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தனர். மறுநாள் மருமகனின் அட்டையிலிருந்து ஓர் இரவுக்குரிய வாடகை எடுக்கப்பட்டிருந்தது. காரணம், 'விருந்தினர் வருகை தரவில்லை'!

இதில் இரு செயல்கள் உள்ளன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாகாது. படத்தை ஏற்க மறுத்தது சரி. பின்புறமுள்ள மூன்று இலக்கப் பாதுகாப்புக் குறியீட்டை, கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட்ட பின்னர் வணிகர் எவரும் சேமித்து வைத்திருக்கக் கூடாது என்பது அட்டை நிறுவனங்கள் வகுத்துள்ள பாதுகாப்பு விதி. படமாக ஒரு கைத்தொலைபேசியில் இருந்து இன்னொன்றிற்கு அது தாவுவது திறவுகோலைத் தெருவில் எறிவதற்கு ஒப்பானது. ஆனால், நேரில் வந்து நின்றவர்களை வராதவர்கள் எனக் கணக்கெழுதியது நேர்மையன்று. மாமா தமது பதிவுத் தாளிலேயே வந்த நேரத்தையும் மறுத்த காரணத்தையும் பணியாளரைக் கொண்டு எழுதுவித்திருந்தார். அந்த ஒற்றை வரியைக் காட்டி மருமகன் தம் வங்கி வழியாகப் பணத்தை மீளப் பெற்றார். முதியவரின் முன்யோசனையை நாம் மெச்சுகிறோம்.

இதற்கு மேல் எமக்கே உரிய சிக்கலொன்று உண்டு. அது பெயர்ச் சிக்கல். எம்மிடையே தந்தையின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயர்போல் அமைகிறது. தந்தையின் கடவுச்சீட்டில் பாட்டனாரின் பெயர். மகனின் அட்டையில் தந்தையின் பெயர். மனைவியின் கடவுச்சீட்டிலோ அவர் தந்தையின் பெயரே நீடிப்பதும் உண்டு. ஒரே குடும்பத்தினர் என்று வந்து நிற்கும் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதைக் காணும் பிரெஞ்சுப் பணியாளர் புருவம் உயர்த்துவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, பெரியப்பாவின் மகனையும் நாம் 'அண்ணா' என்கிறோம். "இது என் சகோதரனின் அட்டை" என்று பிறமொழியிற் சொல்லும்போது, பெயர்கள் பொருந்தாமையால் அது பொய்போல் ஒலிக்கிறது. உறவு முறையை விளக்க முனைவதிலும், "அட்டைக்குரியவர் கட்டணத்தை மட்டும் செலுத்துகிறார், தங்குபவர் நாம்" என்று சுருக்கமாகக் கூறுதல் மேல்.

கட்டணம் செலுத்துபவர் யார் என்பது ஒரு கேள்வி. தங்குபவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி சட்டத்தினுடையது. 1990 ஜூன் 19 இல் கையெழுத்தாகி 1995 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்த ஷெங்கன் உடன்படிக்கையின் 45 ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவர் பதிவுப் படிவத்தைத் தாமே நிரப்பி ஒப்பமிட்டு, செல்லுபடியாகும் அடையாளப் பத்திரத்தையும் காட்டுதல் வேண்டும். உடன்வரும் வாழ்க்கைத் துணைக்கும் சிறுவர்க்கும் விலக்குண்டு. ஜேர்மனியில் 2025 ஜனவரி 1 முதல் அந்நாட்டுக் குடிமக்களுக்கு இப்படிவம் நீக்கப்பட்டுள்ளது, வெளிநாட்டவர்க்குத் தொடர்கிறது. பிரித்தானியாவிலும், 1972 ஆம் ஆண்டின் ஆணையொன்றின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ள விருந்தினரின் பெயரையும் நாட்டுரிமையையும் விடுதிகள் குறித்து வைக்கவேண்டும். ஆகையால், மருமகனின் பெயரில் அறை பதிந்துவிட்டு அவர் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவது அறவே தவிர்க்கப்பட வேண்டிய செயல். அகதிகளுக்கான 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வழங்கப்படும் பயணப் பத்திரம் வைத்திருப்போர், பணியாளர் அதனை அறியாது விழித்தால் மனந்தளர வேண்டியதில்லை. அட்டையின் மேல் இடது மூலையில் இரு கோடுகளிட்ட அந்நூல் அரசொன்று வழங்கிய முறையான பத்திரமே.

அவ்வாறாயின், பிறர் அட்டையில் பதிந்து தங்கவே முடியாதா? தாராளமாக முடியும். கம்பனிகள் தம் ஊழியர்க்கு நாள்தோறும் அவ்வாறே செய்கின்றன. அறை, தங்குபவரின் பெயரில், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே பதியப்பட வேண்டும். பின்னர், அட்டைக்குரியவர் விடுதியுடனேயே நேரிற் பேசி, 'நான் வரமாட்டேன், என் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' எனத் தெரிவிக்க வேண்டும். பல விடுதிகள் இதற்கென ஓர் ஒப்புதற் படிவம் வைத்துள்ளன. தங்குபவரின் பெயர், நாட்கள், வாடகை மட்டுமா அல்லது உணவு முதலிய யாவுமா என்ற விபரம், அட்டைக்குரியவரின் ஒப்பம் ஆகியவை அதில் அடங்கும். வேறு சில விடுதிகள் பணம் செலுத்தும் இணைப்பொன்றை அட்டைக்குரியவருக்கு அனுப்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டெம்பர் 14 இல் நடைமுறைக்கு வந்த விதியை ஒட்டி, அவ்வேளை வங்கி அவரது கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பி அவர் சம்மதத்தைக் கேட்கும். இதுவே யாவற்றிலும் சிறந்த வழி என்பது எமது கருத்து. இவ்வாறு வாடகை முழுவதும் செலுத்தப்பட்டாலும், பிணைத் தொகைக்கும் பாரிஸ் போன்ற நகரங்களில் அறவிடப்படும் தங்கல் வரிக்கும் தங்குபவரின் கையில் ஏதேனும் ஓர் அட்டையோ காசோ இருத்தல் வேண்டும். எதனை ஏற்பர் என்பதைப் புறப்படுமுன் கேட்டறிவது நன்று.

அட்டையையே இரகசிய இலக்கத்துடன் மாமாவின் கையிற் கொடுத்தனுப்பும் தாராள மனத்தினரும் எம்மிடையே உள்ளனர். இது வங்கியுடன் செய்த உடன்படிக்கையை மீறும் செயல். அட்டை தொலைந்தாலோ களவு போனாலோ வங்கி கைவிரிக்க இடமுண்டு.

இவற்றிலும் கொடியதொன்றை இனிச் சொல்ல வேண்டும். "நூறு பவுண் அறையை நாற்பதுக்கு எடுத்துத் தருகிறேன், காசாகத் தாருங்கள்" என்று கூறும் 'நண்பர்கள்' எல்லாச் சமூகங்களிலும் உலவுகின்றனர். அவர்கள் பதிவதற்குப் பயன்படுத்துவது எவரோ ஒருவரிடம் திருடிய அட்டையின் இலக்கமாக இருக்கலாம். திருடிய அட்டைகளால் வாங்கிய விமானச் சீட்டுகளைக் கண்டறிய, யூரோபோல் முன்னின்று 2014 நவம்பரில் பல நாட்டு விமான நிலையங்களில் நடத்திய நடவடிக்கையில் 118 பேர் கைதாயினர். விடுதி அறைகளும் இதே வழியில் விற்கப்படுகின்றன. விற்றவரின் தொலைபேசி மறுநாள் இயங்காது. அடையாளப் பத்திரத்தைக் காட்டி, ஒப்பமிட்டு, அறையினுள் இருப்பவர் வாங்கியவரே. அவர் அறியாமற் செய்தவராகவே இருக்கலாம். எனினும், பொலிஸாரின் முதற் கேள்வி அவரிடமே வரும். தஞ்சக் கோரிக்கை தீர்க்கப்படாதிருக்கும் ஒருவருக்கு இத்தகைய விசாரணை எவ்வளவு கலக்கத்தைத் தரும் என்பதை எமது வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. காசு மட்டுமே கேட்பவரும், விடுதியின் பெயரைக் கடைசிவரை சொல்லாதவரும், பற்றுச்சீட்டுத் தர மறுப்பவரும் எவராயினும், அவர் ஊரவராயினும், விலகிச் செல்க.

இன்னும் இரு சிறு விடயங்கள். பதிவை நீக்கினால் பணம் எந்த அட்டையில் இருந்து சென்றதோ அதற்கே திரும்பும். மாமா மருமகனிடம் காசை முன்னரே கொடுத்திருந்தால், திரும்பிய பணத்தை மருமகன் கவனித்துக் கொடுத்தாலன்றி அது அவரிடமே தங்கிவிடும். இதனாற் பேச்சு முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம். மற்றது, விடுதியை விட்டு நீங்கும்போது இறுதிக் கணக்குச் சீட்டைக் கேட்டுப் பெற்று, அன்றே அட்டைக்குரியவருக்கு அனுப்ப வேண்டும். வங்கிக் கூற்றில் விடுதியின் பெயருக்குப் பதிலாக அதனை நடத்தும் கம்பனியின் பெயர் அச்சாவதுண்டு. ஒரு மாதம் கழித்து அதனைக் காணும் மருமகன், 'இது என்னுடைய செலவன்று' என வங்கியிடம் முறையிட்டுவிட்டால் விடுதியின் பணம் பறிக்கப்படும். பதிவுப் படிவத்தில் மாமா எழுதிய முகவரிக்கு விடுதியின் கடிதம் வந்து சேரும்.