எந்த விமானம் வசதியானது?



கள்ளக்குறிச்சியில் என்னிடம் பயின்ற ஒருவர், சேலத்திலிருந்து விமானப் பயணம் செய்து திரும்பியபின், "ஐயா, விசிறி சுழலும் சிறு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள், அடுத்த முறை வேறு கம்பெனியில்தான் போவேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறை கூறியது கம்பெனியையா, விமானத்தையா? இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஒப்பீட்டின் முதற்படியாகும்.

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கிருந்து 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்கு விமானம் விட்டது. 2021இல் அது நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ ஆகிய இரு நிறுவனங்களும் அங்கே சேவை தொடங்கின. நிறுவனங்கள் மூன்று, ஆயினும் அவை இயக்கியது ஏ.டி.ஆர். 72 என்னும் ஒரே வகை விமானமே. ஆதலின் கம்பெனியை மாற்றினாலும் விசிறி மாறியிராது.

இதற்குக் காரணம் யாது? சேலத்து ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். 180 பேரைச் சுமக்கும் ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் முழுப்பாரத்துடன் எழ இது போதாது, ஏ.டி.ஆருக்கோ தாராளம். மேலும், குறைந்த வேகத்தில் மிகுந்த காற்றைத் தள்ளும் சுழல்விசிறி, குறுந்தொலைவில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுகிறது.

இனி வசதியைப் பார்ப்போம். ஜெட் விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில், மேகங்களுக்கு மேலே செல்லும். ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேற்படாது. ஆகவே மழைக்காலத்தில் குலுக்கம் சற்று மிகும். விசிறியின் இரைச்சலும் அதற்கு அருகிலுள்ள முன்பகுதியில் மிகுதி, பின்வரிசைகளில் குறைவு. இவை குறைகள். நிறைகளோ வேறு. ஏ320இல் நடைபாதையின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். நடுவில் அகப்பட்டவர் இருபுறமும் நெருக்குண்பார். ஏ.டி.ஆரில் இருபுறமும் இவ்விரண்டே. நடு இருக்கை என்பதே இல்லை. இறக்கை மேலே அமைந்திருப்பதால் பலகணி வழியே நிலம் நன்கு தெரியும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது இருக்கைகளின் எண்ணிக்கை. ஒரே ஏ.டி.ஆரில் அலையன்ஸ் ஏர் 70 இருக்கைகளும், இண்டிகோ 78 இருக்கைகளும் அமைத்துள்ளன. இருக்கை மிகுந்தால் கால் நீட்டும் இடம் நெருங்குவது இயல்பு. கட்டணத்தைப் பலர் பகிர்ந்துகொள்வதும் இயல்பு.

பயணத்தை வீட்டு வாயிலிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். கள்ளக்குறிச்சியார் சென்னை செல்ல, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய், அங்கிருந்து கிழக்கே பறப்பது வீண் அலைச்சல். உளுந்தூர்ப்பேட்டை வழிப் பேருந்தே மேல். தொலைவூருக்குச் செல்வோர்க்குச் சேலத்து விமானம் உண்மையான உதவியாகும்.

சிறு நகரிலிருந்து நாள்தோறும் 180 பேர் புறப்படுவது அரிது. 70 பேர் புறப்படலாம். நாம் ஏளனம் செய்யும் சிறு விமானமும் வராதொழிந்தால், நமக்குக் கிடைப்பது பெரிய விமானம் அன்று; வெற்று ஓடுபாதையே. 2021க்கும் 2023க்கும் இடையே சேலம் அதனைக் கண்டது. எப்பொருளையும் அதன் பணியோடு பொருத்தி அளந்தபின் தீர்ப்புக் கூறுங்கள்.