மணிலாக்கொட்டையும் மழலைகளும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் புன்செய்க் குடியானவர்களுக்கு மணிலாக்கொட்டையின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் மல்லாட்டை என்று உரிமையோடு அழைக்கும் இவ்வித்து தென்னமெரிக்காவில் பிறந்து கடல் கடந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னாற்காட்டு விளைச்சல் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் தேசத்து மார்ஸேல்ஸ் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. குடியாத்தம் கொத்து ரகத்தினின்று பொறுக்கியெடுத்து, 1940இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் ரகம் திண்டிவனத்தின் பெயரைச் சுருக்கமாகத் தாங்கிப் பிற ராஜ்யங்களின் வயல்களிலும் பரவியது. நூறு பங்கில் ஏறக்குறைய 25 பங்கு புரதச் சத்து உடைய இது ஏழையின் பாதாமேயாகும்.

இத்தகைய உணவைப் பற்றி இப்பொழுது ஓர் அச்சம் நம்மவரிடையே நுழைந்து வருகிறது. "குழந்தைக்குக் கடலை ஆகாது, ஒவ்வாமை வரும்" என்று படித்த குடும்பங்களிலே பேசக் கேட்கிறோம். இவ்வச்சம் எங்கிருந்து வந்தது, அதற்கு ஆதாரம் யாது என்று விசாரிப்பது நமது கடமை.

நமது தேகத்தின் காப்பு சக்தி, கிருமிகளை எதிர்த்து நிற்கும் சேனை போன்றது. அச்சேனை தீங்கற்ற உணவையோ மகரந்தத்தையோ பகைவனென்று மயங்கிப் போர் தொடுப்பதே ஒவ்வாமையாகும். 1906இல் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே இதற்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். மயக்கம் முற்றினால் தோல் தடிக்கும், உதடும் நாவும் வீங்கும், மூச்சுத் திணறும், உயிரும் போகக்கூடும். ஆகையால் இதை எள்ளி நகையாடுதல் தகாது.

இவ்வாபத்தைக் கண்டஞ்சிய மேல்நாட்டு நிபுணர்கள், ஒவ்வாமை மரபுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு 3 வயது வரையில் கடலை தரலாகாதென்று 1998இல் இங்கிலாந்திலும், 2000இல் அமெரிக்காவிலும் உபதேசித்தார்கள். கடலையைக் கூண்டிலேற்றிச் சாட்சி விசாரணையின்றியே தீர்ப்பளித்தது போலாயிற்று இது. விலக்கினால் நோய் குறையுமென்பதற்குத் தக்க பரிசோதனை எதுவும் நடைபெற்றிருக்கவில்லை. அந்நாடுகளில் கடலை ஒவ்வாமையோ குறையவில்லை.

பின்னர் 2008இல் ஓர் உண்மை வெளியாயிற்று. இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளிடம் காணப்பட்ட கடலை ஒவ்வாமை, இஸ்ரேலில் வாழும் அதே இனத்துக் குழந்தைகளிடம் இருந்ததைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இஸ்ரேலியக் குழந்தைகள் முதல் வயதிலேயே கடலைப் பண்டம் உண்பவர்கள். இதை மெய்யாவென்று அறிய, லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிடியன் லாக் முதலியோர் 640 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். அனைவரும் கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடையவர்கள். ஒரு பாதியினருக்குக் கடலை உணவு முறையாகத் தரப்பட்டது, மறுபாதியினருக்கு விலக்கப்பட்டது. 5 வயதில் பார்க்கையில், விலக்கியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. உண்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே. 2015இல் இது வெளியான பின் பழைய உபதேசம் தலைகீழாயிற்று. 2017இல் அமெரிக்க நிபுணர்கள் கடலையை முதல் வயதிலேயே தொடங்கும்படி கூறினர்.

காரணம் யாதெனில், வாய்வழியே குடலில் அறிமுகமாகும் உணவைத் தேகம் நட்பாகக் கொள்ளப் பழகுகிறது. கரப்பானால் வெடித்த தோலின் வழியே நுழைவதைப் பகையாகக் கருதுகிறது. உரிய பருவத்தில் வாசல் வழியே வந்தவன் விருந்தாளி. சுவரேறிக் குதித்தவன் கள்வன்!

ஆயினும் அவசரமும் ஆகாது. முதல் 6 மாதம் தாய்ப்பாலே போதும். அதன் பின் மற்ற உணவுகளோடு கடலையும் சேரலாம். முழுக் கொட்டையை 5 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குத் தரவே கூடாது. மூச்சுக் குழலில் சிக்கி உயிர் வாங்கும். நன்றாக அரைத்துக் கூழிலோ கஞ்சியிலோ கலந்தே தர வேண்டும். கடுங்கரப்பான் உள்ள குழந்தைக்கு வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் பூஞ்சை பற்றி, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகிறது. காயவைப்பதில் குடியானவரும், பொறுக்குவதில் வியாபாரியும் சோம்பினால், அதன் பலனைப் பிள்ளைகள் அனுபவிக்க நேரும்.

சர்க்காருக்கும் கடமை உண்டு. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்ரீனலின் ஊசி மருந்தும், அதைத் தாமதியாமல் செலுத்தத் தெரிந்தவரும் எந்நேரமும் இருத்தல் வேண்டும். அங்கன்வாடி ஊழியர்களுக்கு ஒவ்வாமையின் அறிகுறிகளைக் கற்பித்தல் வேண்டும். ஒவ்வாமையுள்ள குழந்தை அரிதே என்பதால், அக்குழந்தையின் உயிர் மலிவாகிவிடாது.

மேல்நாட்டார் கூறியதெல்லாம் வேதமென்பது அடிமைப் புத்தி; அவர்கள் கூறியதாலேயே பொய்யென்பது மூடப் புத்தி. தமது உபதேசம் பிழையென்று கண்டதும் பரிசோதனை செய்து திருத்திக்கொண்டார்களே, அத்துணிவே நாம் அவர்களிடம் கொள்ளத்தக்கது. அச்சத்தை மட்டும் இறக்குமதி செய்து, திருத்தத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டால் நஷ்டம் நம் குழந்தைகளுக்கே. ஊர்தோறும் தொண்டாற்றும் நண்பர்கள் இச்செய்தியைத் தாய்மார்களிடம் சேர்ப்பார்களாக.